குண்டோதரன், பகாசுரன்: ரெண்டும் ஒண்ணா?

கேள்வி (குடியாத்தம்): பந்தியில் மூணாவது தடவை பிரியாணி கேட்டாலே ‘குண்டோதரன்’ என்கிறார்கள். குண்டாக இருப்பவன் என்று அர்த்தமா? பகாசுரனும் இவனும் ஒருவர்தானா?

பதில் 1: குண்டம் + உதரம். குண்டம் பானை, உதரம் வயிறு; பானை வயிறன். அகரமும் உகரமும் சேர்ந்து ஓகாரம், தாமோதரன் மாதிரி. சிவகணத்தில் ஒருவன். திருவிளையாடலில் மீனாட்சி கல்யாணச் சமையல் மொத்தத்தையும் தின்றுவிட்டுத் தாகத்தில் தவித்தவன். அவனுக்காக வந்ததுதான் வைகை.

பதில் 2: பகாசுரன் வேற ஆள், பாரதத்து அரக்கன். ஏகசக்கர ஊர்க்காரர்கள் முறைபோட்டு ஒரு வண்டிச் சோறு அனுப்பணும். இழுத்துப்போன எருமைகளும் ஓட்டிப்போன மனுஷனும் சேர்த்தே அவனுக்கு. பீமன் கொன்றான். அதனால் வீட்டுப் பிள்ளையைக் கேலி பண்ணக் குண்டோதரன் போதும். ஊர்ப்பணத்தை விழுங்குகிறவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள் பகாசுரனை.

பதில் 3: தமிழ்ச்சொல்லே வேண்டுமா? குறள் 946: ‘கழிபேர் இரையான்’, அதாவது அளவுமீறித் தின்பவன். இரை மிருகத்துக்கு உரியது, வசவே அங்கேதான். ‘தீனிப்பண்டாரம்’ என்பதிலும் அதே குத்தல்: மாட்டுக்குத்தானே தீனி?