ஆவிக் காதல் நாவல் பிடித்தவர்கள் இருக்கிறீர்களா?

கும்பகோணம் வாசகி: திகிலும் காதலும் கலந்த அமானுஷ்ய நாவல் என்றால் எனக்கு உயிர். அவன் செத்துப்போனவன் என்று பாதியிலேயே தெரிந்தாலும், நீட்டிய கையை அவள் தொடுவாளா மாட்டாளா என்கிற தவிப்பிலேயே விடிய விடியப் படித்துவிடுவேன். நம் டெல்டாவில் நடக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்.

பட்டுக்கோட்டை தம்பி: இந்திரா சௌந்தர்ராஜனில் தொடங்குங்கள் அக்கா. அமானுஷ்யத்தில் அசத்தியவர், காதல் மட்டும் எனக்குப் போதவில்லை.

மயிலாடுதுறைக்காரி: தரங்கம்பாடியை யாராவது எழுத வேண்டும்! 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், ராத்திரி அலைச் சத்தம். ஆவி ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைக் கடைசி அத்தியாயம்வரை சொல்லக் கூடாது.

கும்பகோணம் வாசகி: சரி, அப்படி ஒன்று வந்தால் முதல் பிரதி எனக்குத்தான்.