சம்பளம் ஊக்கம் தராதாம், யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
போன சனிக்கிழமை எங்கள் கந்தோரில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். வந்த விரிவுரையாளர் மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வசனம்: "சம்பளம் யாரையும் ஊக்கப்படுத்தாது, ஹேர்ஸ்பேர்க் 1959லேயே நிரூபித்துவிட்டார்." எங்கள் மனேஜர் தலையாட்டிய வேகத்திலேயே விளங்கிவிட்டது, இந்த வருடமும் இன்கிரிமென்ட் இல்லை. அந்த ஹேர்ஸ்பேர்க் என்ற உளவியலாளர் யாரிடம் பேசினார் தெரியுமா? அமெரிக்காவில் பிட்ஸ்பேர்க் பக்கம் 203 பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும். வெறும் 203 பேர். அதை வைத்துப் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவனுக்கும் சட்டம் எழுதுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மனிதவளத்துறை அக்கா:
நீங்கள் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறீர்கள். சம்பளம் தேவையில்லை என்று ஹேர்ஸ்பேர்க் எங்கும் சொல்லவில்லை. சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், சரியாக இருந்தால் மனக்குறை போகும். ஆனால் வேலையில் ஈடுபாடு வேறு இடத்திலிருந்து வருகிறது: செய்து முடித்தேன் என்ற நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை. உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்த பிள்ளைக்கே இது தெரியும்.

கணக்குப்பிள்ளை:
உயர்தரக் குறிப்புக் கொப்பியை என்னிடம் நீட்டாதீர்கள். அதே ஆய்வில், மக்கள் சொன்ன நல்ல அனுபவங்களிலும் கெட்ட அனுபவங்களிலும் சம்பளம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வந்தது. கெட்ட அனுபவங்களில் வந்தபோது அந்தக் கசப்பு நெடுநாள் நீடித்தது என்பதால்தான் அவர் சம்பளத்தைச் சுகாதாரக் காரணி, அதாவது குறைந்தால் மனக்குறை தரும், இருந்தாலும் ஊக்கம் தராது என்ற பெட்டிக்குள் போட்டார். இதை ஏன் உங்கள் பயிற்சிகளில் சொல்வதில்லை? 1964இல் வ்ரூம் என்ற இன்னொரு உளவியலாளர் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. நல்லது நடந்தால் 'நான் செய்தேன்' என்பான், கெட்டது நடந்தால் 'கம்பனி சரியில்லை' என்பான். மனிதன் அப்படித்தான். அதை ஒரு கோட்பாடாக எடுத்துக்கொள்வதா?

பழைய மாணவன்:
அவர் பெயர் ஹேர்ஸ்பேர்க் இல்லை, ஹெர்ஸ்பெர்க். முதலில் பெயரைச் சரியாக எழுதுவோம். மற்றது, இதற்கெல்லாம் அடிப்படை மாஸ்லோவின் பிரமிட், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் படம். அதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிட்டே இல்லை. அது பின்னால் வேறு ஆட்கள் கீறினது. பெயரைத் திருத்த வந்தவர் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். நான் கேட்டது 203 பேரைப் பற்றி.

பழைய மாணவன்:
பாடப்புத்தகத்தில் பிரமிட் இருக்கிறது. நாங்கள் படித்தது எல்லாம் பொய்யா?

கொட்டாஞ்சேனை பொடியன்:
அண்ணை, கோபிக்காமல் கேளுங்கோ. நான் ஒரு கம்பனியில் பதினொரு வருடம் இருந்தேன். பிரிண்டருக்கு ஒரு மைப்பெட்டி வாங்கவும் மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. ஒருமுறை பதினைந்தாயிரம் ரூபா கூட்டினார்கள். முதல் மாதம் வீட்டில் எல்லாருக்கும் புரியாணி எடுத்தேன். மூன்றாம் மாதம் அந்தக் காசு எங்கே போனதென்றே தெரியவில்லை, காலையில் பஸ் ஏறும்போது பழைய அலுப்புத்தான். இப்போது சம்பளம் குறைந்த இடத்தில் இருக்கிறேன். ஓடர் எடுப்பதும் நான், முடிவு சொல்வதும் நான். அக்கா சொல்வதில் ஏதோ இருக்கிறது.

மனிதவளத்துறை அக்கா:
நன்றி தம்பி. இதைத்தான் சொல்கிறேன். 1971இல் டெசி என்ற உளவியலாளர் செய்த பரிசோதனையையும் பாருங்கள். புதிர் விளையாடிய மாணவர்களில் ஒரு பகுதிக்குக் காசு கொடுத்தார், காசு வாங்கியவர்கள் பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது.

கணக்குப்பிள்ளை:
புதிர்! மாணவர்கள்! அவர்கள் அந்தப் புதிரை வைத்தா வாடகை கட்டினார்கள்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கந்தோரில் தண்ணீர் பில்டருக்கு மேலே ஒரு சட்டகம் தொங்குகிறது, 'மாதத்தின் சிறந்த ஊழியர்'. 2022 செப்டம்பரில் அதில் ஒரு பிள்ளையின் படம் போட்டார்கள். அந்த மாதம் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். மத்தியானத்தில் எல்லாரும் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது அவள் எழுந்து போத்தலில் தண்ணீர் நிரப்பப் போவாள், தன் படத்துக்குக் கீழேயே நின்று. பசிக்கவில்லை என்பாள். பிறகுதான் தெரிந்தது, பஸ் காசை மிச்சம்பிடிக்கப் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்தே போயிருக்கிறாள். மூன்று மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டாள். பாராட்டு ஊக்கம் தருமாம். அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.

மனிதவளத்துறை அக்கா:
அந்தப் பிள்ளையின் கதை எனக்கும் மனதை வருத்துகிறது. ஆனால் அடிப்படைச் சம்பளம் சரியில்லாத இடத்தில் மனக்குறை வரும் என்றுதானே ஹேர்ஸ்பேர்க்கும் சொல்கிறார்? நீங்கள் என் பக்கத்துக்குத்தான் ஆதாரம் தருகிறீர்கள். அமெரிக்காவில் ஹோதோர்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வில் ஆட்களைக் கவனித்ததாலேயே உற்பத்தி கூடியது.

கணக்குப்பிள்ளை:
ஹோதோர்ன் வேறு வந்துவிட்டதா? அங்கே ஒரு சின்ன அறையில் ரிலே என்ற தொலைபேசிப் பாகம் பூட்டிய பெண்களுக்குச் சம்பள முறையையும் மாற்றினார்கள். அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கு ஏற்ற கொடுப்பனவு. இரண்டு பேரைக் கதைக்கிறார்கள் என்று 1928இல் மாற்றியும் விட்டார்கள். கவனிப்பாம். இங்கே நடந்த போன போனஸ் விவாதத்திலும் இப்படித்தான், ஆதாரம் கேட்டதும் உங்களைக் காணோம்.

மனிதவளத்துறை அக்கா:
அப்போது பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதை இங்கே அப்போதே எழுதினேன். நீங்கள் வாசிக்கவில்லை என்றால் அது என் பிழையா?

கொட்டாஞ்சேனை பொடியன்:
அண்ணை, அது சரியில்லை. அக்கா எழுதினவ, நானும் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளை சுகமாக இருந்தால் சந்தோசம். அதற்காக 203 என்பது 204 ஆகாது. நீயும் தம்பி, பதினைந்தாயிரம் பற்றாமல் போனது சாமான் விலையால், ஹேர்ஸ்பேர்க்கால் அல்ல.

கொட்டாஞ்சேனை பொடியன்:
நான் பற்றவில்லை என்று சொல்லவே இல்லையே. அலுப்பு என்றேன். என் வாய்க்குள் உங்கள் வசனத்தைத் திணிக்காதேங்கோ.

பழைய மாணவன்:
பிரமிட்டைக் கீறியது யார் என்று இன்னும் சொல்லவில்லை.

மனிதவளத்துறை அக்கா:
ஒன்று கேட்கிறேன் கணக்குப்பிள்ளை. அந்தப் படம் இன்னும் அங்கே தொங்குகிறதா?

கணக்குப்பிள்ளை:
தொங்குகிறது. கழற்றச் சொல்லி இரண்டு முறை மெயில் போட்டேன். நிர்வாகப் பிரிவு அனுமதி வேண்டுமாம்.

மனிதவளத்துறை அக்கா:
ஒரு ஆணியில் தொங்கும் படத்தைக் கழற்றக்கூட உங்களுக்கு அங்கே உரிமை இல்லை. அது உங்களை எவ்வளவு எரிக்கிறது பாருங்கள். அது சம்பளமா?

கணக்குப்பிள்ளை:
அவளுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அந்தப் படம் என்னை எரித்திருக்காது. 203 பேர் அக்கா, 203. அதற்குப் பதில் சொல்லுங்கள்.