ஒன்பதாம் மாத ஊசி: தோட்டத்தில் வளரும் பிள்ளைக்குத் தேவையா?

சென்னிமலை அம்மிணி:
வணக்கமுங்க. பையனுக்குப் பதினோரு மாதம். பிறந்ததும் போடுவதும், 6, 10, 14 வார ஊசிகளும் முடிந்தன. ஒன்பதாம் மாதத் தட்டம்மை - ரூபெல்லா ஊசி மட்டும் நிற்கிறது. மரபு வாழ்வியல் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டுக்காரர் இனி எதுவும் வேண்டாம் என்கிறார். மாமியார் போட்டே ஆக வேண்டும் என்கிறார். உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

கட்டுத்தரைக்காரன்:
வீட்டுக்காரர் சொல்வதுதான் சரிங்க. எங்களுக்குக் காங்கேயம் பக்கம் தோட்டம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு ஊசி போடவில்லை, மாடு கட்டும் கட்டுத்தரையில்தான் விளையாட்டு, திடமாக இருக்கிறார்கள். நோய்கள் குறைந்தது நல்ல தண்ணீராலும் சாப்பாட்டாலும்தான். அம்மை வந்தால் வேப்பிலை வைத்துத் தனியே படுக்க வைத்தோம், ஒரு முறை வந்து போனால் ஆயுளுக்கும் திரும்ப வராது. உடம்பு தானாகச் சம்பாதிக்கும் எதிர்ப்பு சக்திக்கு ஊசி ஈடாகாது. அப்புறம், அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையில் சில தவணைகளை ஊசியோடு கட்டிப்போட்டது எதற்கு? நல்லதாக இருந்தால் பணத்தைக் காட்ட வேண்டியதில்லையே.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, ஊசியே போடாத பிள்ளைகள் கட்டுத்தரையில் விளையாடுகிறார்கள் என்பதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. ரண ஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும்தான் இருக்கிறது. வெயிலில் காய்ந்தாலும் சாகாமல் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு முள் குத்தினால், துருப்பிடித்த கம்பி கீறினால் போதும். வாய் திறக்க முடியாது, முதுகு வில்லாக வளையும், தொட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு வெட்டி இழுக்கும். பிள்ளைக்கு நினைவு தப்பாது, வலி முழுக்கத் தெரியும்.

வந்து போனால் ஆயுளுக்கும் வராது என்றீர்களே, இந்த நோயில் அது நடக்காது. கிருமி விடும் நஞ்சு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும், உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைச் சம்பாதிக்கப் போதாது. பிழைத்து வந்தவருக்கும் ஊசி போட்டுத்தான் அனுப்புவார்கள். ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு வராது, ஏனென்றால் இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை.

நல்ல தண்ணீர் வேண்டும்தான். ஆனால் சாக்கடை சரியாகாத ஊர்களிலும் சொட்டு மருந்தால்தான் இளம்பிள்ளை வாதம் போனது. இயற்கையாகப் பரவும் ‘காட்டு வகை’ இளம்பிள்ளை வாதம் (போலியோ) இந்தியாவில் கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில்.

கட்டுத்தரைக்காரன்:
ரண ஜன்னி விவரம் எனக்குப் புதிதுங்கக்கா. ஆனால் அடிபட்டால் டி.டி. போட்டுக்கொள்ளலாமே?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
காயத்துக்குப் பிறகு போடும் ஊசி வேலை செய்யவே நாள் பிடிக்கும். முன்பு போட்டே இராத பிள்ளைக்குப் பெரிய காயம் என்றால் நஞ்சை முறிக்கும் மருந்தும் தனியாகச் செலுத்த வேண்டும். அதற்காவது காயம் கண்ணில் பட வேண்டும். கால் முள்ளை எந்தப் பிள்ளை வந்து சொல்கிறது?

திருப்பூர் லைன் வீடு:
நான் பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் வரிசையில் பீகார், ஒடிசா குடும்பங்களும் உண்டு. பல பிள்ளைகளிடம் ஊசி அட்டையே இல்லை, ஊர் மாறும்போது தவணை விட்டுப்போகிறது. எல்லாரும் ஒரே வாசலில்தான் விளையாடுகிறார்கள். தட்டம்மை வந்த ஒருவர் பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்கிறார்கள். என் மகளுக்கு நான் போட்டது அவளுக்காக. ஒன்பது மாதம் ஆகாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காகவும்தான். உதவித்தொகை இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். ஆனால் புதன்கிழமை வேலையை விட்டுப் போனால் கூலி போகும், அதற்கு அந்தப் பணம் உதவியது. இதில் சூது தேட வேண்டாம் அண்ணா.

கட்டுத்தரைக்காரன்:
பணத்தை விடுங்கள். 2017இல் இதே ஊசியைப் பள்ளியில் போட வந்தபோது பின்விளைவு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நோட்டீஸில் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். அதனால்தான் மறுத்தோம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அந்தக் கோபம் நியாயம். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வாட்ஸ்அப் வதந்தி புகுந்தது. நான் சொல்கிறேன்: ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சல், லேசான தடிப்பு வரும், தானே போய்விடும். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். அதனால்தான் போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைப்பது. தட்டம்மை வந்தாலோ நிமோனியா, மூளைக்காய்ச்சல், கண் பாதிப்பு வரை போகும். மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்த எதிர்ப்பையும் அது அழிக்கிறது என்று 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின.

சென்னிமலை அம்மிணி:
அக்கா, இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டதே, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேண்டாம் கண்ணு. விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். வரும் புதன் அட்டையோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போ, வீட்டுக்காரரையும் கூட்டிப் போய் அவர் சந்தேகத்தை அங்கேயே கேட்கச் சொல். அடுத்த தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். தம்பி, உங்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்லுங்கள், எதை இப்போதும் போடலாம் என்று எழுதித் தருகிறேன்.

கட்டுத்தரைக்காரன்:
மூத்தவனுக்கு 12, சின்னவளுக்கு 8. ரண ஜன்னிக்கு மட்டும் முதலில் சொல்லுங்கக்கா.