இலங்கை மலையகத்தில் நகர எல்லை தாண்டி வந்த தீயணைப்பு வண்டி: உங்கள் அனுபவங்கள்

தலவாக்கலைப் பக்கம்:
லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, எரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரை. மூலைக் காம்பராவில் (அறையில்) பிடித்த தீ, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஆட்கள் இறங்குவதற்குள் நான்காவது காம்பராவுக்குத் தாவிவிட்டது. எங்கள் பிரதேச சபையிடம் வண்டி இல்லை. தீயணைப்பு எண் 110க்கு அடித்து, பக்கத்து நகரத்திலிருந்து வந்தார்கள். கொழுந்து லொறி திரும்பும் வளைவோடு வண்டி நின்றுவிட்டது. அதிலிருந்து குதித்த ஒரு பையன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் குறுக்கே ஓடி வந்தான். காலெல்லாம் கீறல். பெரியம்மா ஒருவருக்குச் சிங்களம் வராது. எரியும் காம்பராவைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார். பேரப்பிள்ளைகள் இருவரும் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பத்திரமாக இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அவன் அதற்குள் உள்ளே போய்விட்டான். இருமிக்கொண்டே வெறுங்கையோடு வெளியே வந்து, அந்த அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

வெலிமடை:
பையனுக்குக் கும்பிடு. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வண்டி வந்தபோது புகைகிற தகரம்தான் மிச்சம். வரி நகரத்துக்கு மட்டுமா? தோட்டத்து ஆள் எரிந்தால் யாருடைய பொறுப்பு?

நுவரெலியா அக்கா:
கோபம் நியாயம், ஆனால் வந்தவர்கள்மேல் போடாதீர்கள். என் தம்பி இந்த வேலையில்தான் இருக்கிறான். தீயணைப்பு இங்கே மாநகர சபை, நகர சபைகளின் கையில். ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் சனம் நிரம்பி வழியும், வண்டி அங்கே தயார்நிலையில் நிற்கும். அப்போது தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் யாரை விட்டுவிட்டுப் போவது? போயிருக்கிறார்கள். திரும்பி வரும்வரை ஊருக்குக் காவல் இல்லை என்று தம்பி சாப்பிடாமல் தவித்திருக்கிறான்.

பண்டாரவளை:
எங்களுக்கு மானாப்புல் தீ. ஆடி, ஆவணிக் காற்றில் மலை முழுக்க ஏறும்; வண்டி ரோட்டோடு நின்று வீடுகளைக் காக்கும், அவ்வளவுதான் முடியும். அது கிடக்கட்டும், லயத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று சொல்லுங்கள். மெயின் ரோட்டுச் சந்தியில் டோர்ச்சோடு ஒருவர் நிற்கட்டும். முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிள்ளைக்காம்பராவையும் சேர்த்து. மெயின் சுவிட்சை அணையுங்கள். கேஸ் சிலிண்டரைத் தீ நெருங்கும் முன்னால் என்றால் மட்டும் வெளியே எடுங்கள். மின்சாரம் நின்றது உறுதியான பிறகு, தீ இன்னும் எட்டாத காம்பராவின் தகரத்தைக் கழற்றிக் கூரையில் இடைவெளி விடுங்கள். எரியும் காம்பராவுக்கு மேலே ஏறவே ஏறாதீர்கள்.

வெலிமடை:
அக்கா, தம்பியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் லயத்துக்கு மேலே பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அவர்கள் குழாய் பொருந்த எந்த அளவு வாய் வைக்க வேண்டும்? தோட்டத் தலைவர் துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், அளவையும் சேர்த்துவிடலாம்.