திருகோணமலையில ஒரேயொரு நாள், எங்க போகலாம்?

கேள்வி:
தாய்லாந்திலிருந்து பாய்மரப் படகில வந்தனாங்கள், நான்தான் சமையல். 11 நாளா ரின்மீனும் பருப்பும். உள்துறைமுகத்தில நங்கூரம் போட்டாச்சு. நாளைக்கு மட்டும் கரையில நிக்கலாம். கோணேஸ்வரம் கட்டாயம். வேற?

பதில் 1:
கோணேசரிட்ட வெள்ளனவே போங்கோ, மத்தியானம் நடை சாத்திப்போடுவினம். வழியில கோட்டை வாசல் கல்லில இணைக் கயலும் தமிழ்ச் சாசனமும் இருக்கு. கனபேர் பாராமலே போறவை.

பதில் 2:
பிறகு கன்னியா. 7 வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. உப்பில ஊறின உடம்புக்கு வாளியால அள்ளி ஊத்துங்கோ. ஓட்டோக் கூலியை முதலே பேசுங்கோ. புறாத்தீவை விடுங்கோ, திரும்பவும் படகில ஏறவோ?

கேள்வி கேட்டவர்:
போயிட்டு வந்தாச்சு. கோயில் படியில நிலம் ஆடுது எனக்கு. பின்னால வந்த ஐயா குடிகாரன் எண்டு நினைச்சிருப்பார். கோட்டைக்குள்ள புள்ளிமான் ஒண்டு அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைத் தோலோட இழுத்துக்கொண்டு போட்டுது. தேங்காயையாவது விட்டுதே! கன்னியாவில மூண்டு வாளியோட உடம்பில இருந்த உப்பெல்லாம் போட்டுது. சந்தையில முருங்கைக்காயும் ரெண்டு கட்டுக் கறிவேப்பிலையும் வாங்கினன். இண்டைக்கு ராத்திரி படகில சொதி.