மறு: மறு: ‘லேட்டன்சி’க்கு என்ன போடலாம்? (அவசரம்)

பள்ளி ரோபோப் போட்டிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரோபோவில் வைஃபை கேமரா பொருத்தும் பகுதியில் ‘லேட்டன்சி’யில், அதாவது கேமரா பார்த்தது திரைக்கு வந்து சேரப் பிடிக்கும் நேரத்துக்கான சொல்லில், மாட்டிக்கொண்டேன். காட்சியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மடிக்கணினியில் விரித்துக் காட்டுவதற்குள் 200 மில்லிநொடி போய்விடும் என்று வையுங்கள். நொடிக்கு 3 மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் 60 செ.மீ. நகர்ந்திருக்கும். திரையில் சுவர் இரண்டடி தள்ளி நிற்கும். களத்தில் ரோபோ முட்டியே ஆயிற்று. ‘தாமதம்’ என்றால் பேருந்து நினைவுதான் வருகிறது.

———

‘தாமதம்’ வடசொல். தாமத குணம் என்கிறோமே, அந்தச் சோம்பல் வாடை அதில் உண்டு. ரோபோ சோம்பியா கிடக்கிறது? இயற்பியலில் ‘லேட்டன்ட் ஹீட்’டுக்கு ‘உள்ளுறை வெப்பம்’ உண்டு. அவ்வழியே ‘உள்ளுறைமை’ எனலாம்.

———

ஐயா, உள்ளுறை என்றதும் எனக்குச் சங்கப் பாட்டின் உள்ளுறை உவமையும், தலைவியும் தோழியும்தான் வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் களத்தில் நின்று “உள்ளுறைமை கூடிவிட்டது” என்று கத்துவானா?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அன்றாடம் ‘சுணங்கிப் போச்சு’ என்போம். ‘சுணக்கம்’ போதுமே.

———

> ‘சுணக்கம்’ போதுமே

இங்கே நாளிதழில் சுணக்கம் என்றால் பாலப் பணி கிடப்பில் கிடக்கிறது என்று பொருள். சோம்பலை வாசலில் விரட்டிக் கொல்லையில் கூப்பிடுகிறீர்கள். தவிர, சங்கப் பாட்டில் ‘சுணங்கு’ தலைவியின் மேனித் தேமல். இரண்டும் ஒரே வேரா என்று...

———

வேரை வேறு இழையில் தோண்டலாமே! மாத்திரையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கண்ணிமைப் பொழுதுதானே மாத்திரை? 200 மில்லிநொடியும் ஏறக்குறைய அதுதான். அதைக் குற்றியலுகரம் அளவுக்கு, அரை மாத்திரைக்குக் கொண்டுவந்தால் வண்டி ஓட்டலாம்.

———

ரோபோ வகுப்பு எடுப்பவன் என்ற முறையில்: மாணவர்கள் ‘லேக் அடிக்குது சார்’ என்கிறார்கள். எதை அச்சிட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். 320×240 படம், புள்ளிக்கு 16 பிட், நொடிக்கு 15 சட்டகம் (ஃபிரேம்): சுருக்காமல் விட்டால் நொடிக்கு 18 மெகாபிட்டைத் தாண்டும். சுருக்கினால் அதற்கும் நேரம் பிடிக்கும். இந்த இழுபறி புரிகிற மாதிரி ஒரு சொல் இருந்தால் சரி.

———

சரி, ‘காட்சிச் சுணக்கம்’ என்று போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘லேட்டன்சி’. அச்சகத்தில் இனிப் பொறுக்க மாட்டார்கள்.

———

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ‘பிந்தல்’ யாருக்கும் தோன்றவில்லையா? அப்புறம், ‘ஜிட்டர்’ (இந்த நேரம் ஒரே அளவில் நிற்காமல் கூடிக் குறைவது) எந்தப் பக்கத்தில் வருகிறது? அதற்கு ‘நடுக்கம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.