கபடி ஆட்டத்துக்குப் பிறகு எப்சம் உப்பு வெந்நீர் வலியைக் குறைக்குமா?

கேள்வி (நீடாமங்கலம்):
வணக்கம். எங்கள் ஊர்க் கபடி அணியில் நான்கு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். சம்பா அறுவடைக்குப் பிறகு இரவுப் போட்டிகளில் ஒரே இரவில் மூன்று, நான்கு ஆட்டங்கள் ஆட நேர்கிறது. மறுநாளை ஒருவாறு சமாளித்துவிட்டாலும், அதற்கடுத்த நாள் தொடை பிடித்துக்கொண்டு, சுவரைப் பற்றித்தான் மாடிப்படி இறங்க முடிகிறது. எப்சம் உப்பு கலந்த வெந்நீரில் இருந்தால் சரியாகும் என்கிறார்கள். வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. தென்னைக்குப் போட அப்பா வாங்கிய மெக்னீசியம் சல்பேட் மூட்டைதான் திண்ணையில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பதில் 1 (இயன்முறை மருத்துவர், தஞ்சாவூர்):
தம்பி, எப்சம் உப்பும் மெக்னீசியம் சல்பேட்தான்; இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றுநீரிலிருந்து எடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. நாட்டு மருந்துக் கடையில் பேதியுப்பு என்று கேட்டாலும் தருவார்கள். ஆனால், உரத்துக்காகத் தயாரித்தது உடம்புக்கான தூய்மையோடு இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதால், அந்த மூட்டையைத் தென்னைக்கே விட்டுவிடுங்கள்.

உங்கள் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் சொல்வார்கள். அது ஆட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். பாடி வருபவரை இழுத்து நிறுத்தும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுவதால் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தை அடைகிறது. மெக்னீசியம் தோல் வழியாகப் போதிய அளவு உள்ளே சென்று இதை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதமளிப்பது பெரும்பாலும் வெந்நீரின் சூடுதான். அதனால் இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் தளர்கிறது. உப்புக்காகப் பெரும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மட்டும், எந்தக் குளியலையும் நம்பாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் 2 (முன்னாள் ஆட்டக்காரர், திருவையாறு):
தொட்டி இல்லாவிட்டாலும் வழி உண்டு. வாளியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, தடித்த துண்டை நனைத்துப் பிழிந்து தொடையில் சுற்றி, ஆறியதும் மாற்றி, கால் மணி நேரம் செய்யுங்கள். என் அம்மா கல்லுப்பை வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். முடிச்சை முதலில் தம் முன்கையில் வைத்துப் பார்க்காமல் என்மீது வைத்ததே இல்லை. ஒன்றில் கவனமாக இருங்கள்: ஒருமுறை கணுக்கால் பிசகிய இரவிலேயே வெந்நீரில் காலை விட்டேன்; விடிவதற்குள் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டது. சுளுக்கு, வீக்கம் என்றால் முதல் இரண்டு நாட்கள் சூடே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நடவு வயலில் நின்று கால் கடுக்கிறது என்று அப்பாவும் இதைச் செய்ய விரும்புகிறார். அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. செய்யலாமா?

பதில் 1:
மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், தம்பி. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். வெந்நீர் சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும், அந்தப் புண் எளிதில் ஆறாது. இன்றிரவே அவருடைய உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்து, வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.